ஷேக்ஸ்பியரும் செர்வான்டிஸும் ஒரே நாளில் இறந்தார்களாம்: சனிக்கிழமையா, செவ்வாய்க்கிழமையா?

பழைய ஏடு:
நம் ‘நாள்காட்டி நண்பன்’ நாள்தோறும் விடியற்காலையில் ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு பட்டியல் இடுவது இங்குள்ள அனைவருக்கும் தெரியும். இன்று ஏப்ரல் 23-க்கான பட்டியலில், 1616ஆம் ஆண்டு ஷேக்ஸ்பியரும், ‘டான் குயிக்ஸோட்’ நாவலை எழுதிய ஸ்பானியர் செர்வான்டிஸும் ‘ஒரே நாளில்’ உலகை விட்டுப் பிரிந்தார்கள் என்றும், அந்த அதிசயத்தை முன்னிட்டே உலகப் புத்தக நாள் கொண்டாடப்படுகிறது என்றும் எழுதி, பக்கத்தில் இரண்டு மெழுகுவர்த்திகளையும் ஏற்றி வைத்திருக்கிறார். சென்ற ஆண்டும் இதே வாசகத்தை இட்டார், நான் திருத்தினேன், அவர் நன்றியும் சொன்னார். இந்த ஆண்டு அதே தவறு, கூடுதலாக ஒரு மெழுகுவர்த்தியோடு வந்திருக்கிறது.

ஸ்பெயின் 1582 அக்டோபரிலேயே, போப்பாண்டவர் திருத்தித் தந்த புதிய கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்தோ, போப்பாண்டவர் சொன்னதை நாம் கேட்பதா என்ற வீம்பில், 1752 வரை பழைய ஜூலியன் நாள்காட்டியையே கட்டிக்கொண்டு அழுதது. 1616இல் இரண்டுக்கும் பத்து நாள் இடைவெளி. ஷேக்ஸ்பியர் இறந்த ஸ்ட்ராட்ஃபோர்டில் ஏப்ரல் 23 என்று எழுதிய அன்று, செர்வான்டிஸ் இறந்த மாட்ரிட்டில் மே 3 நடந்துகொண்டிருந்தது. மாட்ரிட்டின் ஏப்ரல் 23 சனிக்கிழமை, ஸ்ட்ராட்ஃபோர்டின் ஏப்ரல் 23 செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் எந்த ஊரில் ஒரே நாள் என்பதை நண்பர் விளக்கினால் அந்த ஊருக்கே குடிபெயர்ந்துவிடுகிறேன்.

நாள்காட்டி நண்பன்:
ஐயா, தங்கள் திருத்தம் வராமல் எனக்குப் பொழுது விடிவதில்லை. நான் எழுதியது என் கற்பனையன்று. 1995இல் யுனெஸ்கோவின் பொது மாநாடு ஏப்ரல் 23-ஐத் தேர்ந்தெடுத்தபோது சொன்ன காரணமே ஷேக்ஸ்பியர், செர்வான்டிஸ், பெருவில் பிறந்த எழுத்தாளர் இன்கா கார்சிலாசோ ஆகிய மூவரின் நினைவுதான். உலக நாடுகள் கூடி ஏற்றுக்கொண்ட ஒன்றை, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நீங்கள் ரத்து செய்ய முடியாது. இரண்டு இடத்திலும் தேதி ஏப்ரல் 23 தானே? ஆம் என்றால் விவாதம் முடிந்தது.

பழைய ஏடு:
முடியவில்லை. தேதி என்பது ஏட்டில் எழுதுவது, நாள் என்பது சூரியன் எழுந்து விழுவது. நீங்கள் ‘ஒரே தேதி’ என்று எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ‘ஒரே நாள்’ என்று எழுதினீர்கள். மேலும், யுனெஸ்கோவுக்கு முன்பே ஸ்பெயினில் புத்தக நாள் இருந்தது. 1926இல் அக்டோபர் 7ஆம் தேதி தொடங்கி, 1930இல் ஏப்ரல் 23-க்கு மாற்றினார்கள். கதலோனியாவில் அன்று புனித ஜோர்டி திருநாள் என்பதால் புத்தகமும் ரோஜாவும் கைமாறும். ஷேக்ஸ்பியர் இந்த விருந்துக்குப் பிறகு வந்து சேர்ந்த விருந்தாளி. அவர் பிறந்த நாட்டிலேயே உலகப் புத்தக நாளைப் பள்ளிப்பிள்ளைகள் மார்ச் மாதத்து முதல் வியாழக்கிழமையில்தான் கொண்டாடுகிறார்கள்.

கரும்பலகை:
முப்பத்தொரு ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் இருவருமே தவறான இடத்தில் மல்லுக்கட்டுகிறீர்கள். செர்வான்டிஸ் 23ஆம் தேதி இறக்கவே இல்லை, 22ஆம் தேதி வெள்ளிக்கிழமையே கண்ணை மூடிவிட்டார். தேவாலயப் பதிவேட்டில் 23 என்றிருப்பது, அக்காலத்தில் அடக்கம் செய்த நாளையே பதிவது வழக்கம் என்பதால். ஆகவே தேதியும் ஒன்றில்லை, நாளும் ஒன்றில்லை. சனிக்கிழமை என்று பழைய ஏடு தம்பி குதிப்பதும் பிழை.

பழைய ஏடு:
ஐயா, என்னைத் ‘தம்பி’ என்று அழைத்தமைக்கு நன்றி, எனக்கு அறுபத்து மூன்று வயதாகிறது. 22ஆம் தேதி என்பது எனக்குத் தெரியாததன்று. நண்பருக்கு ஒரு நாளைத் தானமாக விட்டுக்கொடுத்து, அவர் சொல்லும் 23-ஐயே ஏற்றுக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது என்று காட்டுவதற்காகவே சனிக்கிழமையை எடுத்தேன். இதை எதிராளியின் தளத்தில் நின்று வாதிடுவது என்பார்கள். உங்கள் கணக்குப்படி பார்த்தால் இடைவெளி பத்து நாளிலிருந்து பதினொன்றாகிறது. அதாவது என் பக்கம் இன்னும் பலமாகிறது. வெள்ளியாக இருந்தாலும் சனியாக இருந்தாலும் செவ்வாயாகாது.

வைகைக்கரை:
இரண்டு மாமனிதர்களின் நினைவுநாளில் கிழமை எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. செர்வான்டிஸ் ஏப்ரல் 18ஆம் தேதி சாகும் தறுவாயில் கத்தோலிக்கர் பெறும் எண்ணெய்ப் பூச்சைப் பெற்றுக்கொண்டு, மறுநாள் படுக்கையிலிருந்தபடியே தம் கடைசி நூலுக்கான காணிக்கையுரையை லெமோஸ் பிரபுவுக்கு எழுதி முடித்தார். மூன்று நாளில் சாகப்போகிறவன் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை என்பதைப் பேசுங்கள். 2015இல் மாட்ரிட்டின் திரித்துவ மடத்தில் பலருடைய எலும்புகளோடு கலந்து கிடந்த அவருடைய எச்சங்களைக் கண்டெடுத்ததாக ஆய்வாளர்கள் அறிவித்தார்களே, அதைப் பேசுங்கள். அவர் படைத்த கதாநாயகன் காற்றாலைகளை அரக்கர்கள் என்று எண்ணி ஈட்டியோடு பாய்ந்தான், நம் பழைய ஏடு நாள்காட்டிகளின் மீது பாய்கிறார். அடிபடுவது மட்டும் ஒன்றுதான்.

பழைய ஏடு:
வைகைக்கரையாருக்கு உணர்ச்சி பொங்கும்போதெல்லாம் உண்மை ஆவியாகிவிடும் என்பதை நான் சென்ற டிசம்பரிலேயே பார்த்தேன். கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார், ஒரு விளக்கு அணைய மறு விளக்கு ஏறியது என்று நீங்கள் உருகி எழுதியதை நான் மறக்கவில்லை. கலிலியோ இறந்தது இத்தாலியின் புதிய கணக்கில் 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 இங்கிலாந்தின் பழைய கணக்கு. அதே அளவுகோலால் அளந்தால் அவர் பிறந்தது 1643 ஜனவரி 4. ஒரு கடிகாரத்தில் கலிலியோவையும் இன்னொரு கடிகாரத்தில் நியூட்டனையும் பார்த்துவிட்டு விளக்கேற்றினீர்கள். அன்று பதில் சொல்லாமல் இழையை விட்டு ஓடினீர்கள்.

வைகைக்கரை:
நான் ஓடவில்லை, என் மகளுக்குத் தேர்வு இருந்தது. இன்னொன்று: எல்லாவற்றையும் திருத்தும் தாங்கள், ‘செர்வான்டிஸ்’ என்று எழுதுகிறீர்களே, அது ஆங்கிலேயர் வாயில் புகுந்து வந்த உச்சரிப்பு. ஸ்பானியர் காதில் அது ‘தெர்வாந்தெஸ்’ என்பதற்கு அருகில் ஒலிக்கும். அந்த மனிதரின் பெயரையே ஒழுங்காக எழுதாதவர் அவருடைய கிழமையைக் காப்பாற்றப் புறப்பட்டது வியப்பு.

கரும்பலகை:
பெயர் விஷயத்தில் வைகைக்கரை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தமிழில் பல ஆண்டுகளாக ‘செர்வான்டிஸ்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். எப்படி எழுதினாலும் அவர் 22ஆம் தேதியே இறந்தார்.

தேரடி:
வெகுநேரமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். ‘ஒரே நாள்’ என்றால் ஒரே தேதியா, ஒரே இருபத்து நான்கு மணி நேரமா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமே? நம் ஊரில் இது புதிதன்று. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29-இல் சனி பெயர்ந்துவிட்டார், வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றிலோ அன்று பெயர்ச்சி இல்லை, 2026இல்தான் என்று கோயிலார் அறிவித்தார்கள். ஒரே சனிக்கு இரண்டு நாள் இருக்கலாம் என்றால், இரண்டு எழுத்தாளருக்கு ஒரு நாள் இருக்கக்கூடாதா?

பழைய ஏடு:
தேரடியார் என் பக்கத்துக்கே ஆதாரம் கொண்டுவந்திருக்கிறார், அவருக்குத்தான் அது தெரியவில்லை. சனி இரண்டு தேதியில் பெயர்ந்தார் என்பதால் இரண்டு தேதிகளும் ஒரே நாளாகிவிட்டனவா? இல்லையே.

இதைவிடப் பக்கத்தில் ஒரு சான்று இருக்கிறது. 1640இல் ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்டிக் குடியேறியபோது பழைய கணக்கோடு வந்தார்கள். தெற்கே கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும் நடந்தே போகக்கூடிய சாந்தோமில் போர்ச்சுக்கீசியர் புதிய கணக்கோடு இருந்தார்கள். கோட்டையிலிருந்து காலையில் கிளம்பிக் கடலோரமாக மணலில் நடந்து சாந்தோமில் காலைக் கஞ்சி குடித்தவன், வழியில் பத்து நாளைத் தொலைத்திருப்பான். ஆனால் கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சாந்தோமிலும் ஞாயிற்றுக்கிழமைதான், இரண்டு இடத்திலும் அன்றுதான் மணி அடித்தது. தேதி மாறும், கிழமை மாறாது. 1582இல் ஸ்பெயினில் அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் 15 வெள்ளி. 1752இல் இங்கிலாந்தில் செப்டம்பர் 2 புதனுக்கு மறுநாள் 14 வியாழன். இரண்டு மாற்றத்திலும் நாள்களை விழுங்கினார்கள், கிழமையைத் தொடவில்லை. அதனால்தான் கிழமையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் ஐரோப்பியத் தேதியோடு தமிழ்த் தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுதினாரே, பிரெஞ்சுக்காரர்களின் மொழிபெயர்ப்பாளரான அந்தத் துபாஷிக்குத் தெரிந்தது நம் நண்பருக்குத் தெரியவில்லை. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையைப் பிடித்தபோது வென்றவன் எழுதிய தேதிக்கும் தோற்றவன் எழுதிய தேதிக்கும் பதினொரு நாள் வித்தியாசம். அதற்காகக் கோட்டை இரண்டு முறை விழுந்தது என்று யாரும் சொல்வதில்லை.

நாள்காட்டி நண்பன்:
இவ்வளவு நேரம் கிழமை, கிழமை என்கிறீர்கள். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியரின் நினைவுச்சின்னத்தில் 1616, ஏப்ரல் 23, வயது 53 என்ற விவரம் இருக்கிறது. அதில் செவ்வாய்க்கிழமை என்ற சொல் எங்கே இருக்கிறது? கல்லில் இல்லாததைக் கணக்குப் போட்டுக் கொண்டுவந்தவர் நீங்கள். நான் கல்லை நம்புகிறேன்.

பழைய ஏடு:
கல்லில் கிழமை இல்லை என்பதால் அன்று கிழமையே இல்லாமல் போய்விட்டதா? உங்கள் திருமண அழைப்பிதழில் கிழமை அச்சிடப்படவில்லை என்றால் நீங்கள் எந்தக் கிழமையிலும் மணந்துகொள்ளவில்லை என்று பொருளா? அவரைப் புதைத்தது 25ஆம் தேதி என்று பதிவேட்டில் இருக்கிறது, அது வியாழக்கிழமை. கணக்கைச் சரிபார்ப்பதும் எளிது: கிரிகோரியன் நாள்காட்டி நானூறு ஆண்டுக்கு ஒருமுறை கிழமை பிசகாமல் திரும்பும். 2016 ஏப்ரல் 23 என்ன கிழமை என்று உங்கள் கைப்பேசியில் பாருங்கள், சனி. அதே ஆண்டு மே 3-ஐப் பாருங்கள், செவ்வாய். நாள்காட்டியைப் பெயரிலேயே வைத்துக்கொண்டிருப்பவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

வைகைக்கரை:
திருமண அழைப்பிதழ் வரைக்கும் போய்விட்டீர்கள். ஒருவரை ஒரு தவறுக்காக இப்படி நாள் முழுவதும் துரத்துவது ஆராய்ச்சியா, வஞ்சமா? தற்செயல் ஒற்றுமைகளில் மனிதர்களுக்கு ஓர் இன்பம் இருக்கிறது. அதைக் கெடுப்பதில் உங்களுக்கு என்ன லாபம்?

பழைய ஏடு:
தற்செயலின் இன்பத்தை நான் மறுக்கவில்லை, போலித் தற்செயலைத்தான் மறுக்கிறேன். உண்மையானது வேண்டுமா? 1826 ஜூலை 4. அமெரிக்கா விடுதலை அறிவித்து ஐம்பது ஆண்டு நிறைந்த அதே நாளில், அந்நாட்டின் முன்னாள் அதிபர்களில் ஜெஃபர்சன் நண்பகலை ஒட்டி வர்ஜீனியாவில் இறந்தார், ஜான் ஆடம்ஸ் அன்று மாலை மாசசூசெட்ஸில் இறந்தார். பல ஆண்டுகள் பகைத்து, முதுமையில் கடிதம் எழுதிச் சமாதானமான இருவர். நண்பர் போய்விட்ட செய்தி ஆடம்ஸுக்கு எட்டவே இல்லை. ஐந்து ஆண்டு கழித்து அதே ஜூலை 4-இல் இன்னொரு முன்னாள் அதிபர் மன்றோவும் போய்ச் சேர்ந்தார். அல்லது 1963 நவம்பர் 22: கென்னடி டல்லாஸில் சுடப்பட்ட அன்றே எழுத்தாளர்கள் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் சி.எஸ். லூயிஸும் இறந்தார்கள். உலகமே ஒரு சாவைப் பார்த்துக்கொண்டிருந்ததால் மற்ற இரண்டையும் பலர் கவனிக்கவில்லை. இவையெல்லாம் மூன்று நாடுகளின் ஏட்டைப் புரட்டினாலும் அதே கிழமையில் நிற்கும். இத்தனை அசல் இருக்கும்போது, பித்தளைக்கு முலாம் பூசி எதற்காக விற்க வேண்டும்?

கரும்பலகை:
ஜூலை 4 பற்றிச் சொன்னது சரி. ஆனால் அது இங்கே கேள்வியன்று. செர்வான்டிஸ் 22ஆம் தேதி இறந்தார் என்று நான் சொன்னதை நாள்காட்டி நண்பன் இன்னும் ஏற்கவில்லை. பழைய ஏடும் ‘தானமாக’ ஏற்கிறேன் என்று என் கருத்தைத் தம்முடையதாக்கிக்கொண்டார். முதலில் சொன்னவன் நான்.

தேரடி:
நான் கேட்ட கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நாள்காட்டி நண்பன்:
பதிவைத் திருத்தப் போவதில்லை. வேண்டுமானால் ‘ஒரே நாளில்’ என்பதற்கு முன்னால் ‘அவரவர் நாள்காட்டிப்படி’ என்று சேர்க்கிறேன். அதுவும் கரும்பலகை ஐயாவின் வயதுக்கு மரியாதை தருவதற்காக, பழைய ஏட்டின் கூச்சலுக்காக அன்று.

பழைய ஏடு:
‘அவரவர் நாள்காட்டிப்படி ஒரே நாளில்’ என்பது, ‘அவரவர் சட்டைப்பைப்படி ஒரே தொகை’ என்பதைப் போல இருக்கிறது. பரவாயில்லை, மெழுகுவர்த்தியை மட்டும் எடுத்துவிடுங்கள். அதோடு, கரும்பலகை ஐயா சொன்ன 22-ஐச் சேர்த்தால் உங்கள் புதிய வாசகமும் பொய்யாகிறது என்பதைக் கவனித்தீர்களா?

கரும்பலகை:
அதைத்தான் நானும் காலையிலிருந்து சொல்கிறேன்.

வைகைக்கரை:
தெர்வாந்தெஸ்.

பழைய ஏடு:
செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் பதில் வரவில்லை.