இரண்டு சொலிட்டன்களைக் (உருவம் மாறாமல் நகரும் தனி அலைகளை) கூட்டினால் மோதும் இடத்தில் மட்டும் விடை பிழையாகிறது. எங்கே தவறு?

ஹட்டன் மாணவி:
வணக்கம். கடைசி வருடச் செயற்றிட்டத்துக்கு ஆழமற்ற நீரில் அலை நகர்வதைச் சொல்லும் கோர்ட்டவேக்–டி விரீஸ் சமன்பாட்டின் செப்பமான தீர்வுகளை எடுத்திருக்கிறேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துவிட்டதால் சேரிடம் நேரில் கேட்க முடியவில்லை.

நான் எடுத்த வடிவத்தில் மூன்று உறுப்புகள் கூடிப் பூச்சியமாக வேண்டும்: நேர வகையீடு, 6 × உயரம் × தூர வகையீடு, மூன்றாம் தூர வகையீடு. ஒற்றை அலைக்கு செக் வர்க்கத் தீர்வைப் பிரதியிட்டுக் கையாலும் பைதானிலும் பார்த்தேன், சரி. வேகம் 1 என்றால் உயரம் 0.5, வேகம் 4 என்றால் உயரம் 2. அப்புறம் இந்த இரண்டையும் கூட்டிப் பிரதியிட்டேன். அலைகள் 30 அலகு தள்ளி இருக்கும்போது மீதி (மூன்று உறுப்புகளின் கூட்டுத்தொகை) பூச்சியம் என்றே சொல்லலாம். நெருங்க நெருங்க மீதி ஏறுகிறது. படியைச் சின்னதாக்கியும் குறையவில்லை. நிரலில் பிழையா?

இன்னொன்று. மழை நேரத்தில் எங்கள் லயத்துக்குப் பின்னால் உள்ள தேயிலைக் கானில் (வடிகாலில்) தண்ணீர் அலை அலையாக உருண்டு வருகிறது. அதுவும் சொலிட்டன்தானா என்று தம்பி கேட்கிறான்.

பேராதனை அண்ணா:
தங்கச்சி, நிரலில் பிழை இல்லை. அது உண்மையைத்தான் சொல்கிறது. இரண்டு தீர்வுகளைக் கூட்டினால் இன்னொரு தீர்வு கிடைப்பது நேரியல் சமன்பாடுகளில் மட்டும். இங்கே 6 × உயரம் × சரிவு என்ற உறுப்பை விரித்துப் பாருங்கள். ஒவ்வோர் அலைக்கும் உரியது கழிந்தபின் மிஞ்சுவது, இரண்டு உயரங்களின் பெருக்கத்தினுடைய தூர வகையீட்டின் 6 மடங்கு. தள்ளி இருக்கும்போது ஒன்றின் உச்சியில் மற்றதன் வால் பூச்சியத்தை ஒட்டிக் கிடக்கும், அதனால் பிழை மறைந்திருக்கிறது. உங்கள் மீதியை அந்தக் கோவையோடு ஒப்பிட்டால் அப்படியே பொருந்தும்.

1971இல் ஹிரோட்டா காட்டிய வழி இது. உயரத்தை நேரே தேட வேண்டாம். ப என்ற சார்பின் மடக்கையை இருமுறை தூரத்தால் வகையிட்டு 2ஆல் பெருக்கினால் உயரம் வரும் என்று வையுங்கள். அப்போது
ப = 1 + அ1 + அ2 + இ·அ1·அ2
இதில் அ1 என்பது (க1·தூரம் − க1³·நேரம்) என்பதன் அடுக்குக்குறிச் சார்பு, அ2உம் அப்படியே. வேகம் க வர்க்கம், ஆகவே உங்களுக்கு க1 = 1, க2 = 2. இணைக்கும் குணகம் இ = ((க1 − க2)/(க1 + க2))² = 1/9. கடைசி உறுப்பை விட்டுவிடாதீர்கள், மோதலின் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

ஒரு சோதனை சொல்கிறேன். அ1, அ2 இரண்டுக்கும் முன்னால் 3 போடுங்கள். நேரம் 0இல் ப கச்சிதமாக (1 + அ1)³ ஆகிவிடும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்! அந்தக் கணத்தில் ஒரே உச்சிதான், உயரம் 1.5. நீங்கள் நேரே கூட்டினால் 2.5 வந்திருக்கும். மோதிப் பிரிந்தபின் உயரங்கள் பழையபடியே இருக்கும். ஆனால் வேகமானது ஏறத்தாழ 1.10 அலகு முன்னே தள்ளியும், மெதுவானது 2.20 அலகு பின்தங்கியும் இருக்கும்.

ஹட்டன் மாணவி:
அண்ணா, 1.5 வந்தது! மீதியும் எல்லா நேரத்திலும் இயந்திரப் பிழை அளவுதான். மிக்க நன்றி.

அந்தத் துணிவில் இரு பரிமாணத்துக்குப் போனேன், கடோம்ட்செவ்–பெட்வியாஷ்விலி (பக்கவாட்டு மாற்றத்தையும் சேர்த்த அதே வகைச் சமன்பாடு). பக்கவாட்டு இரண்டாம் வகையீட்டின் குணகம் +3. க1 = 1, க2 = 2, சாய்வுகள் ச1 = 0, ச2 = 2. படத்தில் ஒரு கோடு நெடுக உயரம் முடிவிலிக்குப் போகிறது.

பேராதனை அண்ணா:
இ என்ன வருகிறது என்று பார்த்தீர்களா? இங்கே
இ = ((க1 − க2)² − (ச1 − ச2)²) / ((க1 + க2)² − (ச1 − ச2)²)
உங்கள் எண்களுக்கு (1 − 4)/(9 − 4) = −0.6. மறைக் குணகம் வந்தால் ப எங்கோ பூச்சியத்தைக் கடக்கும், அங்கே மடக்கை வெடிக்கும். சமன்பாட்டுக்கு அதுவும் தீர்வுதான், ஆனால் அது தண்ணீர் அலை அல்ல. இ மறையாகும் அந்த இடைவெளியில் ஒழுங்கான தீர்வு வேண்டுமானால் ப-வுக்கு நான்கு உறுப்புகள் போதாது, ஆறு வேண்டும். செயற்றிட்டத்துக்கு அவ்வளவு தூரம் போகாதீர்கள். ச2ஐ 0.5 ஆக்குங்கள், இ = 3/35, எல்லாம் சீராக வரும். அப்புறம் சரியாக 1 ஆக்கிப் பாருங்கள்.

அடுக்கில் நேரத்தின் குணகத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். க³ மட்டும் போட்டால் பிழை, 3·க·ச² சேர வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இது.

பண்டாரவளை ஆசிரியர்:
மகள், தம்பியின் கேள்வியை யாரும் தொடவில்லை. நல்ல கேள்வி, விட மனமில்லை. கானில் உருண்டு வருவது சொலிட்டன் அல்ல. செங்குத்தான சரிவில் மெல்லிய நீர் வேகமாக ஓடும்போது, ஈர்ப்பு இழுக்க அடித்தரை உராய்வு தடுக்க, சீரான ஓட்டம் நிலைகுலைந்து அலையாக உடைகிறது. அந்த அலைகளின் முகப்பு கிட்டத்தட்டச் செங்குத்தாக இருக்கும். 1949இல் டிரெஸ்லர் அவற்றுக்கும் கணிதத் தீர்வு அமைத்தார், அதில் முகப்புகள் பாய்ச்சல்களாகவே வருகின்றன. சொலிட்டனுக்கு உராய்வு தேவையில்லை. ஆழமற்ற நீரில் உயரமான பகுதி முந்த முயல்வதும் அலை பரந்து கலைய முயல்வதும் சமப்படுவதால் அது உருவம் மாறாமல் போகிறது. 1834இல் ஸ்கொட் ரசல் அதைக் கண்டது எடின்பரோவுக்கு அருகே ஒரு கால்வாயில், படகு சட்டென்று நின்றபோது. தம்பிக்குக் காட்ட வேண்டுமானால் நீளமான தட்டைத் தொட்டியில் இரண்டு விரற்கடை தண்ணீர் விட்டு, ஒரு முனையில் பலகையால் ஒரேயொரு தள்ளு தள்ளச் சொல்லுங்கள்.

ஹட்டன் மாணவி:
சேர், தம்பி இப்போதே தகரம் தேடப் போய்விட்டான். அண்ணா, ச2 = 1க்கு இ பூச்சியமானது. இரண்டு அலைகளும் ஒரு புள்ளியில் சேர்ந்து அங்கிருந்து மூன்றாவது ஒன்று கிளம்புகிறது, கவட்டை மாதிரியே இருக்கிறது. இது நிரலின் கோளாறு இல்லையே?

பேராதனை அண்ணா:
இல்லை, ஒத்திசைவு: இரண்டு அலைகள் பொருந்திச் சேர்ந்து மூன்றாவதை உண்டாக்குவது. 1977இல் மைல்ஸ் விளக்கியது. 2012இல் அப்லோவிட்ஸும் பால்ட்வினும் தட்டையான கடற்கரைகளில் இதே கவட்டை வடிவத்தைப் படமெடுத்து வெளியிட்டார்கள். அந்தப் படத்தை அறிக்கையில் முதலில் வையுங்கள்.