பதில்: டெஸ்ட் ரன்னருக்குத் தமிழில் என்ன?

நண்பர்களே,

டெஸ்ட் ரன்னர் என்பது மென்பொருள் சோதனைகளை ஓட்டி முடிவைச் சொல்லும் நிரல். அதற்கு 'சோதனை இயக்கி' வேண்டாம். அச்சுப்பொறி இயக்கி, ஒலியட்டை இயக்கி என்று 'இயக்கி' என்ற சொல் டிரைவருக்கு (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளுக்கு) போய்ப் பல வருடமாகிறது. 'சோதனை நடத்துநர்' என்றால் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் விசில் அடிப்பவர்தான் எனக்கு ஞாபகம் வருகிறார்.

'சோதனையோட்டி' என்று வைக்கலாம். படகோட்டி, தேரோட்டி போல. சேர்த்தே எழுத வேண்டும், பிரித்தால் வினையெச்சமாகிவிடும். ஆனால் அது ஓட்டும் ஒவ்வொரு தடவையையும் 'சோதனை ஓட்டம்' என்று எழுதாதீர்கள். போன வாரம் போனில் "சோதனை ஓட்டத்துல பிரச்சினை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் நீலகிரி மலை ரயிலில் பிரேக் போடும் பிரேக்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏன் தம்பி, கல்லாறுக்கு மேல மறுபடி மண் சரிஞ்சிருச்சா?" என்றார். இங்கே அந்தச் சொல்லுக்கு, பாதையைச் சரிசெய்த பின் ரயிலை ஓட்டிப் பார்ப்பது என்றுதான் பொருள். எனவே 'சுற்று' போதும்.

பகுதிகள் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதற்கு 'ஒருங்கிணைப்புச் சோதனை' என்பது பழகிவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை. நாங்களே எழுதிய சோதனையோட்டிக்கு இப்போது அதைத்தான் எழுதுகிறேன். அந்தச் சோதனையோட்டி '2 தோல்வி' என்று சிவப்பில் காட்டிவிட்டு, வெளியேறும்போது 0 என்ற எண்ணை, அதாவது 'எல்லாம் வெற்றி' என்பதை, திருப்பிக்கொண்டிருந்தது. நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் எங்கள் பில்ட் சர்வர் அந்த எண்ணை மட்டும்தான் பார்க்கும். இரண்டு வாரம் எல்லாமே பச்சை! ஒவ்வொரு பகுதியையும் தனியாகப் பார்க்கும் அலகுச் சோதனைகளில் குறையில்லை. தோல்விகளை எண்ணும் பகுதி சரி, வெளியேறும் பகுதியும் சரி. முன்னது எண்ணியது பின்னதற்குப் போய்ச் சேரவில்லை. மலை ரயிலைப் போலத்தான்: பல்சக்கரம் நன்றாக இருக்கிறது, நடுவிலுள்ள பல்தண்டவாளமும் நன்றாக இருக்கிறது. 12 அடிக்கு 1 அடி ஏற்றத்தில் இரண்டும் கவ்வுகிறதா என்று எஞ்சினை ஏற்றிப் பார்த்தால்தானே தெரியும்?

அதனால் வேண்டுமென்றே தோற்கும் ஒரு சோதனையைக் குட்டி புராஜெக்டில் வைத்து, எங்கள் சோதனையோட்டியைத் தனி புராசஸாக ஓட்டி, தோல்வியைக் குறிக்கும் 1 திரும்புகிறதா என்று பார்க்கிறேன். சோதனையே இல்லாத கோப்புறை என்றால் 5. அது பைத்தானுக்கான சோதனையோட்டியான பைடெஸ்டின் வழக்கம், அப்படியே எடுத்துக்கொண்டோம். அது அச்சிடும் '0.03 நொடி' போன்ற நேரங்கள் சுற்றுக்குச் சுற்று மாறும், எதிர்பார்த்த வெளியீட்டோடு ஒப்பிடுவதற்கு முன் அழித்துவிட வேண்டும்.

இப்போது அறிக்கையில் வரும் வரி இது: 'சோதனையோட்டிக்கான சோதனை வெற்றி, உள்ளே 1 சோதனை தோல்வி, எதிர்பார்த்தபடி.' இதே வரியில் 'இயக்கி'யைப் போட்டுப் படித்துப் பாருங்கள். எந்த டிரைவரைச் சோதித்தோம் என்று கேட்பார்கள்.

அப்புறம், அந்தத் தோற்கும் சோதனைக்கு நான் 'பலியாடு' என்று பெயர் வைத்திருக்கிறேன். கலைச்சொல்லாகத் தேறாது, தெரியும். வேறு தோன்றினால் சொல்லுங்கள்.