குவாங்சோவில் மச்சானுக்குச் சாப்பாடு எங்கே?

(எங்கள் குடும்பக் குழுவில்: உம்மா – அம்மா; காக்கா – சீனாவின் குவாங்சோவில் இருக்கும் அண்ணன்; ராத்தா – அக்கா; மச்சான் – ராத்தாவின் கணவர், அவரும் காக்காவும் ஒருவரையொருவர் மச்சான் என்றே அழைப்பார்கள்; சாச்சா – சித்தப்பா.)

மச்சான் [இரவு 8:02]
அஸ்ஸலாமு அலைக்கும். விசா வந்துவிட்டது. 14ஆம் தேதி குவாங்சோவில் இறங்குகிறேன். கேன்டன் கண்காட்சியின் முதல் கட்டம் அக்டோபர் 15 முதல் 19 வரை, ஹார்டுவேர் எல்லாம் அதில்தான். அது முடிந்ததும் சியானில் ஒரு வியாபாரியைப் பார்க்க வேண்டும்.

உம்மா [இரவு 8:04]
வஅலைக்கும் ஸலாம். அல்ஹம்துலில்லாஹ். சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள் மாப்பிள்ளை? இட்லிப்பொடி, மாசிக் கருவாட்டுத் தூள், ஊறுகாய் எல்லாம் கட்டித் தரவா?

ராத்தா [இரவு 8:05]
போன தடவை இவர் பிஸ்கட்டையும் வாழைப்பழத்தையும் தின்றே நாளை ஓட்டினார். இளைத்துப்போய் வந்து நின்றார். ஹலாலா இல்லையா என்று தெரியாமல் எதையும் தொடமாட்டார். காக்கா, நீங்கள்தான் அங்கே இருக்கிறீர்கள். வழி சொல்லுங்கள்.

காக்கா [இரவு 8:11]
வஅலைக்கும் ஸலாம். மாசித் தூள் வரட்டும், அது எனக்கு வேண்டும் 😊 மச்சான் பட்டினி கிடக்க வேண்டிய ஊர் இது இல்லை. சின்ஜியாங் சாப்பாட்டுக் கடைக்குப் போங்கள். சின்ஜியாங் என்பது சீனாவின் வடமேற்குப் பகுதி, உய்குர் முஸ்லிம்களின் ஊர். உய்குர் மக்கள் நடத்தும் கடை, இல்லையென்றால் சீன மொழி பேசும் ஹூய் முஸ்லிம்கள் நடத்தும் கடை. சியாவ்பெய் மெட்ரோ நிலையத்தைச் சுற்றியே தேடலாம். ஆப்பிரிக்க, அரபு வியாபாரிகள் எல்லாம் அங்கேதான் சாப்பிடுகிறார்கள்.

சாச்சா [இரவு 8:13]
சரியாகச் சொன்னாய். எங்கள் காலத்திலும் சியாவ்பெய்தான். வெள்ளிக்கிழமை சஅத் பின் அபீவக்காஸ் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் வாசலிலேயே கரி அடுப்பு, நீளமான இரும்புத் தொட்டி, கம்பியில் ஆட்டுக்கறி. சீரகப் புகை தெரு முனை வரை வரும். சட்டையில் அந்த வாசனை சாயங்காலம் வரைக்கும் இருக்கும்.

நான் [இரவு 8:14]
சீனச் சாப்பாட்டில் சீரகமா?

காக்கா [இரவு 8:19]
சீனா முழுக்க இல்லை. குவாங்சோக்காரர்கள் ஆவியில் வேகவைத்த மீன், இஞ்சி, வெங்காயத்தாள் என்று மென்மையாகச் சாப்பிடுகிறவர்கள். சீரகம் வடமேற்கிலிருந்து வந்தது. உய்குர் மக்கள் துருக்கிய இனத்தார். அவர்கள் அடுக்களைக்கும் சமர்கந்து, தாஷ்கந்து பக்கத்து அடுக்களைக்கும் நெருங்கிய உறவு. ஆட்டுக்கறி, தந்தூர் ரொட்டி, கேரட் போட்ட புலாவ், சீரகம். அங்கே பிழைக்கப் போன ஹூய் சமையல்காரர்களும், பெரும்பான்மைச் சீனரான ஹான் சமையல்காரர்களும் உருளைக்கிழங்கு, வற்றல், சிச்சுவான் மிளகு என்று தங்கள் சரக்கையும் சேர்த்தார்கள். இரண்டும் கலந்ததைத்தான் இப்போது சீனாவின் எல்லா ஊரிலும் சின்ஜியாங் சாப்பாடு என்று விற்கிறார்கள். நம் நாக்குக்கு இங்கே இதைவிட ஒத்துப்போகிற சாப்பாடு வேறு இல்லை.

மச்சான் [இரவு 8:21]
கடையை எப்படி அடையாளம் காண்பது மச்சான்? பலகையில் அரபியில் ஹலால் என்று இருக்குமா?

சாச்சா [இரவு 8:22]
முன்பு இருந்தது. பச்சைப் பலகையில் அரபி எழுத்து, தூரத்திலிருந்தே தெரியும்.

காக்கா [இரவு 8:25]
இப்போது பல ஊர்களில் எடுத்துவிட்டார்கள் சாச்சா. 2019இல் பெய்ஜிங்கிலேயே ஹலால் கடைகளில் அரபி எழுத்தை எடுக்கச் சொன்னார்கள். அதனால் அரபியைத் தேட வேண்டாம். 'சிங்ஜென்' என்ற இரண்டு சீன எழுத்தைப் பாருங்கள், ஹலால் என்பதற்கு இங்கே அதுதான் சொல். படம் அனுப்புகிறேன், போனில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லாவுக்கு மேலே சிங்ஜென் அனுமதித் தகடு மாட்டியிருக்கும். சமைப்பவர் வெள்ளைத் தொப்பி போட்டிருப்பார்.

காக்கா [இரவு 8:25]
📷 படம்

காக்கா [இரவு 8:27]
ஒன்று முக்கியம். சின்ஜியாங் என்று பேர் போட்டவை எல்லாம் ஹலால் இல்லை. மேடை போட்டு நடனம் ஆடும் பெரிய உணவகங்களில் பீரும் ஓடும். எனக்கு அந்த இடங்கள் பிடிப்பதில்லை. சாப்பாட்டைவிட விளக்கும் பாட்டும்தான் அங்கே பெரிது. வாசலில் ரொட்டி அடுப்பு, உள்ளே கொஞ்சம் மேசை, ஒரு மூலையில் கடைக்காரர் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும். அப்படிக் கடையாகப் பாருங்கள்.

உம்மா [இரவு 8:28]
அங்கே என்ன வாங்கிச் சாப்பிட வேண்டும் என்று அதையும் சொல்லிவிடு.

காக்கா [இரவு 8:36]
சொல்கிறேன் உம்மா. முதல் நாள் லக்மன். கையால் இழுத்த கோதுமை நூடுல்ஸ். மாவைப் பிசைந்து எண்ணெய் தடவி, கயிறாகத் திரித்துத் தட்டில் சுருட்டி ஊறவைத்திருப்பார்கள். நீங்கள் கேட்ட பிறகுதான் எடுத்து இழுப்பார்கள். இரண்டு கையிலும் சுற்றிப் பலகையில் பட் பட்டென்று அடித்து நேராகக் கொதிக்கும் தண்ணீரில். வெந்ததும் குளிர்ந்த தண்ணீரில் ஒரு அலசு, அதனால்தான் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். மேலே ஆட்டுக்கறி, தக்காளி, குடைமிளகாய், வெங்காயம், பீன்ஸ் எல்லாம் பெரிய தீயில் வதக்கிய குழம்பு. கலந்து சாப்பிட வேண்டும். குழம்பு மீந்தால் இன்னும் கொஞ்சம் நூடுல்ஸ் கேளுங்கள், பல கடைகளில் அதற்குக் காசு வாங்கமாட்டார்கள்.

மச்சான் [இரவு 8:38]
என்னுடன் கூட்டாளி ஒருவரும் வருகிறார். அவர் மாட்டுக்கறி சாப்பிடமாட்டார். அவருக்குச் சரிவருமா?

காக்கா [இரவு 8:41]
தாராளமாக. சின்ஜியாங் கடையில் ஆடும் கோழியும்தான் அதிகம். தக்காளி முட்டைக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸும் கிடைக்கும். லான்சோ நூடுல்ஸ் கடைக்கு மட்டும் அவரைக் கூட்டிப்போகாதீர்கள். அதுவும் ஹலால்தான், ஆனால் சூப்பே மாட்டெலும்பில் காய்ச்சியது. கறித்துண்டை எடுத்துவிட்டுக் கொடுத்தாலும் அது மாட்டுச் சாறுதான்.

நான் [இரவு 8:42]
காக்கா, வீடியோவில் ஒரு பெரிய தட்டு நிறையக் கோழி வருமே, அதுதான் உய்குர் கோழியா?

காக்கா [இரவு 8:51]
அது தாபன்ஜி. பழைய உய்குர் சமையல் இல்லை அது. 1980களில் வடக்கு சின்ஜியாங்கில் ஷாவான் என்ற ஊரில், நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் லாரி ஓட்டுநர்களுக்காகப் பிறந்தது என்று சொல்வார்கள். முதலில் எண்ணெயில் சர்க்கரையைப் போட்டுக் கரும்பழுப்பாகக் காய்ச்சுவார்கள். அதில் எலும்போடு வெட்டிய கோழியைப் போட்டுப் புரட்டுவார்கள். பிறகு காய்ந்த மிளகாய், இஞ்சி, பூண்டு, அன்னாசிப்பூ, சிச்சுவான் மிளகு. அந்த மிளகு காரம் இல்லை, நாக்கை மரக்க வைக்கும். முதல் வாயில் பயந்துவிடாதீர்கள். கடைசியில் உருளைக்கிழங்கும் பச்சைக் குடைமிளகாயும். கிழங்கின் ஓரம் கரைந்து குழம்பு கெட்டியாகிவிடும்.

காக்கா [இரவு 8:53]
பாதி கோழி தீர்ந்ததும் பெல்ட் அகலத்துக்கு நூடுல்ஸ் கொண்டுவந்து அதே குழம்பில் போடுவார்கள். என்னைக் கேட்டால் கோழியைவிட அதுதான் ருசி. எல்லோரும் ஒரே தட்டில் கை வைப்பதால் நம் ஊர்க் கல்யாணத்தில் சஹனைச் சுற்றி உட்கார்ந்த மாதிரி இருக்கும். பெரிய தட்டு நூறு யுவானை ஒட்டி இருக்கும். இரண்டு பேருக்குச் சின்னத் தட்டே போதும்.

ராத்தா [இரவு 8:54]
இதை இங்கே செய்யலாம் போலிருக்கிறதே. வெங்காயம் வேண்டாமா?

காக்கா [இரவு 8:56]
சிலர் கடைசியில் போடுவார்கள். நீ இணையத்தில் குறிப்புத் தேடினால் ஒன்று கவனி. நிறையச் சீனக் குறிப்புகளில் கோழியை பீர் ஊற்றி வேகவைப்பார்கள். நாம் வெந்நீர் ஊற்ற வேண்டும். ஹலால் கடையில் தண்ணீர்தான். இதற்காகவும்தான் தகட்டைப் பார்த்து உள்ளே போகச் சொல்கிறேன்.

உம்மா [இரவு 8:58]
சோறு கிடையாதா? மாப்பிள்ளைக்குச் சோறு வேண்டுமே.

காக்கா [இரவு 9:03]
இருக்கிறது உம்மா. போலோ என்பார்கள். பெரிய இரும்புச் சட்டியில் எலும்புக் கறியைப் பொரித்து, வெங்காயம், மெலிசாக நீளமாக அரிந்த கேரட், அதன் மேல் அரிசி. தண்ணீர் வற்றும் வரை மூடிவைப்பார்கள். சிலர் உலர்திராட்சையும் போடுவார்கள். பட்டை, கிராம்பு, ஏலம் ஒன்றும் கிடையாது. பிரியாணி என்று நினைத்து வாயில் வைத்தால் வெறுமையாக இருக்கும். ஆட்டுக் கொழுப்பும் கேரட் இனிப்பும் சோற்றில் ஏறியிருக்கும், அதுதான் அதன் அழகு. மதியமே போய்விடுங்கள் மச்சான், சாயங்காலம் சட்டி காலியாகிவிடும்.

சாச்சா [இரவு 9:05]
கபாபை விட்டுவிட்டாய்.

காக்கா [இரவு 9:07]
விடுவேனா சாச்சா? கறி, கொழுப்பு, கறி என்று மாற்றி மாற்றிக் கோத்திருக்கும். உப்பு, சீரகம், மிளகாய்த் தூள், அவ்வளவுதான். இரும்புக் கம்பிக்குப் பதில் சிவப்பு வில்லோ என்ற பாலைவனச் செடியின் குச்சியில் கோத்ததும் உண்டு, துண்டு பெரிதாக இருக்கும். சூடான ரொட்டிக்குள் கம்பியை வைத்து இறுக்கிப் பிடித்து உருவினால் கறி ரொட்டிக்குள் நின்றுவிடும், எண்ணெயையும் ரொட்டி குடித்துக்கொள்ளும்.

ராத்தா [இரவு 9:10]
கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் காக்கா, அந்த மக்களைப் பற்றிய செய்திகளைப் படித்தால் மனம் கனக்கிறது. 2022 ஆகஸ்ட் 31 அன்று ஐ.நா. மனித உரிமை அலுவலகமே அறிக்கை வெளியிட்டது. சின்ஜியாங்கில் கடுமையான உரிமை மீறல் நடந்திருக்கிறது, மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாகவும் இருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். சீன அரசு மறுத்துவிட்டது. இவர் கடையில் உட்கார்ந்து அவர்களிடம் ஏதாவது கேட்டுவிடப் போகிறார்.

காக்கா [இரவு 9:14]
அதைக் கடையில் பேச வேண்டாம் மச்சான். நமக்கு ஒன்றும் ஆகாது, நாம் கிளம்பி வந்துவிடுவோம். பதில் சொன்ன குற்றத்துக்குக் கடைக்காரர்தான் கஷ்டப்படுவார். ஸலாம் சொல்லுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், காசைச் சரியாகக் கொடுங்கள், மறுநாளும் அதே கடைக்குப் போங்கள். நம்மால் முடிந்தது அது.

உம்மா [இரவு 9:15]
அல்லாஹ் அவர்களுக்கு லேசாக்கி வைக்கட்டும்.

ராத்தா [இரவு 9:15]
ஆமீன்.

சாச்சா [இரவு 9:15]
ஆமீன்.

மச்சான் [இரவு 9:20]
புரிந்தது. சியானிலும் இதே சாப்பாடுதானா?

காக்கா [இரவு 9:28]
அங்கே உய்குர் இல்லை, ஹூய் மக்கள். பட்டுப்பாதை புறப்பட்ட ஊர் அது, அந்தக் காலத்துச் சாங்கான். முரசுக் கோபுரத்துக்குப் பின்னால் முஸ்லிம் தெரு. உள்ளே பெரிய பள்ளிவாசல், சீனக் கோயில்களின் பாணியில் முற்றம் முற்றமாகக் கட்டியது. கட்டாயம் போய்த் தொழுங்கள். சாப்பாட்டில் யாங்ரோ பாவ்மோ. முதலில் வெறும் கிண்ணமும் கெட்டியான ரொட்டியும் தருவார்கள். நீங்களே அதைச் சோயாப் பயறு அளவுக்குக் கிள்ளிக் கிள்ளிப் போட வேண்டும். அவசரப்பட்டுப் பெரிதாகப் பிய்த்தால் உள்ளே சாறு ஏறாது. கிண்ணத்தை எண் சீட்டோடு உள்ளே வாங்கிப் போய் ஆட்டுச் சாற்றில் ஒரு கொதி விட்டு, கண்ணாடி நூடுல்ஸும் கறியும் சேர்த்துத் தருவார்கள். கூடவே இனிப்பில் ஊறிய பூண்டு.

காக்கா [இரவு 9:30]
அங்கே ஒரு எச்சரிக்கை. ரோஜியாமோ என்று ரொட்டிக்குள் கறி வைத்து ஊர் முழுக்க விற்பார்கள். முஸ்லிம் தெருவுக்கு வெளியே அது பெரும்பாலும் பன்றிக்கறி. உள்ளே வாங்கினால் மாடு அல்லது ஆடு. சிங்ஜென் பலகை இல்லாத கடையில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

ராத்தா [இரவு 9:31]
இதைத் தனியாக எழுதி இவர் பாஸ்போர்ட்டோடு வைத்துவிடுகிறேன்.

மச்சான் [இரவு 9:33]
காசு எப்படிக் கொடுப்பது? சின்னக் கடையில் கார்டு எடுப்பார்களா?

காக்கா [இரவு 9:35]
மாட்டார்கள். புறப்படும் முன் அலிபே என்ற பணம் கட்டும் செயலியைப் போனில் இறக்கி உங்கள் விசா கார்டை அதில் இணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பும் இங்கே நேராக ஓடாது. ஊர் சிம்மில் ரோமிங் போட்டு வாருங்கள், அது ஓடும். நான் ஹாங்காங் சிம்மில்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

மச்சான் [இரவு 9:36]
சரி மச்சான். 14ஆம் தேதி இரவு இறங்கியதும் கூப்பிடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

காக்கா [இரவு 9:37]
மறுநாள் கண்காட்சி முடிந்ததும் சியாவ்பெய் நிலையத்துக்கு வந்துவிடுங்கள், கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு. மூன்று பேர் என்றால் தாபன்ஜியில் நடுத்தரத் தட்டு சொல்லலாம்.

உம்மா [இரவு 9:38]
மாசித் தூள் எவ்வளவு வேண்டும்?

காக்கா [இரவு 9:38]
அரைக் கிலோ உம்மா. நன்றாக இறுக்கிக் கட்டுங்கள், பெட்டியெல்லாம் மணக்கும்.