ரிலீஸ் லைனருக்குத் தமிழில்: உரிபடலமா, கழல்படலமா?

குழுமத்தாருக்கு வணக்கம். ஸ்டிக்கர், ஒட்டுநாடா ஆகியவற்றின் பசையை மூடியிருக்கும், ஒட்டுவதற்கு முன் நாம் உரித்துப் போடும் தாள் அல்லது படலம்தான் ரிலீஸ் லைனர். அதற்குத் தமிழ்ப்பெயர் தேடும் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ரிலீஸ் லைனருக்கு ‘உரிபடலம்’ போதும். ஹீட் ஸ்டேபிள் வகையை ‘வெப்பம் தாங்கு உரிபடலம்’ எனலாம்.

ஐயா, ஸ்டிக்கரின் முதுகிலிருந்து உரித்துப் போடுவதால் ‘உரி’ யாருக்கும் சட்டென்று புரியும். ஆனாலும் இரண்டு இடங்களில் எனக்கு உடன்பாடில்லை. அம்பத்தூரில் ஒட்டுநாடாவும் லேபிளும் வெட்டிக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். அங்கே பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ‘வெப்பம் தாங்கு’. லைனருக்குப் பயன்படும் சாதாரண பாலியெஸ்டர் படலமும், ஹீட் ஸ்டேபிள் என்று கூடுதல் விலைக்கு வரும் படலமும் உருகுவது ஒரே சூட்டில்தான், ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸில். வேறுபாடு சுருங்குவதில்தான் இருக்கிறது. படலத்தைத் தயாரிக்கும்போது நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து நீட்டுகிறார்கள். அதற்கு வலிமை வருவதே அதனால்தான். ஆனால் அந்த இழுவிசையில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். பிறகு சூடேறினால் மூலக்கூறுகள் பழையபடி சுருண்டுகொள்ளப் பார்க்கும், படலம் சுருங்கும். 150 டிகிரியில் 30 நிமிடம் வைத்து அளப்பது வழக்கமான சோதனை. சாதாரண வகை அதில் நீளவாக்கில் 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்கக்கூடும். மீட்டருக்கு 1, 2 சென்டிமீட்டர் என்றால் சும்மா இல்லை.

பசையைப் பல நேரம் லைனரின் மேல்தான் முதலில் பூசுகிறோம். உலர்த்தும் அடுப்புக்குள் பசையோடு சேர்ந்து போவது லைனர். அது அங்கே சுருங்கினால் வரி விழும், ஓரம் சுருளும், அச்சிட்ட இடமும் வெட்ட வேண்டிய இடமும் விலகிப் போகும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மின்னணு ஆலைகளுக்குப் போகும் சின்னச் சின்னத் துண்டுகளில் அரை மில்லிமீட்டர் விலகல்கூட ஆகாது. அதனால் படலத்தை அதிகம் இழுக்காமல் மறுபடி சூடாக்கி, வரவேண்டிய சுருக்கத்தை முன்பே வரவழைத்துவிடுகிறார்கள். ரவிக்கைக்கான லைனிங் துணியை நனைத்துக் காயவைத்துவிட்டுத் தைக்கக் கொடுப்பதும் இதற்காகத்தானே. ஆகவே பெயரில் ‘சுருங்கா’ வர வேண்டும், ‘தாங்கு’ கூடாது. ‘வெப்பநிலைப் படலம்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். வெப்பநிலை என்றாலே தெர்மாமீட்டரில் பார்ப்பது என்று பள்ளிக்கூடத்தில் பதிந்துவிட்டது. அதை நிலைப்புத்தன்மை என்ற பொருளுக்கு இழுக்க முடியாது.

அடுத்தது ‘உரி’. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். எங்கள் சோதனை அறிக்கையில் இரண்டு எண்கள் அடுத்தடுத்து இருக்கும். பசை பூசிய நாடாவை எஃகுத் தகட்டில் ஒட்டி, அதைப் பிய்த்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது ஒன்று. நாடாவின் பசைப்பக்கத்திலிருந்து லைனர் விலக எவ்வளவு வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது 25 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கிலோவைத் தாண்டலாம். இரண்டாவது சில கிராமிலிருந்து சில பத்து கிராமுக்குள் நிற்பது வழக்கம். முதல் எண் கூடினால் பெரும்பாலும் மகிழ்ச்சி, இரண்டாவது கூடினால் தலைவலி. முதலாவதற்கு ‘உரிவலிமை’ நன்றாகப் பொருந்துகிறது. இரண்டாவதையும் ‘உரிவிசை’ என்று வைத்தால் இயந்திரத்தின் முன் நிற்கும் பையன் எதை எதோடு குழப்பிக்கொள்வானோ!

அப்படியானால் ‘ரிலீஸ்’ என்பதற்கு நேராக ‘விடு’ என்று வைக்கலாமா? ‘விடுதாள்’ அழகாக இருக்கிறது. ஆனால் ‘விடுபடலம்’ என்று எழுதிப் பாருங்கள், கண் ‘விடுபடல்’ என்றே படிக்கிறது. அதனால்தான் ‘கழல்’ என்கிறேன். திருகு கழல்கிறது, பிடி கழல்கிறது என்று இன்றும் சொல்கிறோம். சங்கப் பாட்டில் பிரிவால் மெலிந்த தலைவியின் கையிலிருந்து வளை கழல்கிறது. யாரும் பலமாக இழுக்காமல் தானாக நழுவி வருவதைத்தான் இந்தச் சொல் காட்டுகிறது. லைனரின் மேல் இருக்கும் சிலிக்கோன் பூச்சு செய்வதும் அதுதான். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம் பூச்சு போதும், பசைக்கு அதன்மேல் பிடிமானம் கிடைப்பதில்லை.

‘கழல் என்றால் இறைவன் திருவடி ஆயிற்றே’ என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். பெயராக நிற்கும்போது அப்படித்தான், மறுக்கவில்லை. வினைத்தொகையாகப் பின்னால் படலமோ பூச்சோ வந்துவிட்டால் அந்த மயக்கம் வராது என்று நினைக்கிறேன். கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன: காகிதமானால் கழல்தாள், பூச்சுக்குக் கழல்பூச்சு, விசைக்குக் கழல்விசை. ‘படலம்’ என்றாலே காகிதம் இல்லை என்று ஆகிவிடுவதால் ‘நெகிழி’யை முன்னால் சேர்க்கத் தேவையில்லை. முழுப்பெயர் ‘வெப்பத்தில் சுருங்காக் கழல்படலம்’. நீளம்தான். ஆனால் வெறும் ‘சுருங்கா’ என்றால் ஈரத்தில் அளவு மாறும் காகிதத்தோடு ஒப்பிடுவதாக நினைக்க இடமுண்டு, சென்னைக் காற்றில் அது வேறு தினசரிப் பிரச்சினை. அதனால் ‘வெப்பத்தில்’ இருக்கட்டும்.

பிரஷர் சென்சிடிவ் பசைக்கு ‘அழுத்தம் உணர்’ வேண்டாம். பசை எதையும் உணர்வதில்லை. தண்ணீரோ சூடோ இல்லாமல் விரலால் அழுத்தினால் ஒட்டுகிறது. ‘அழுத்துபசை’ போதும்.

இதைத் தமிழக அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கு அனுப்புவதற்கு முன் ஒன்று மட்டும் பாக்கி. பசையைத் தாங்கும் படலமே இல்லாமல் வெறும் பசையாக வரும் நாடாவைச் சுருளாகச் சுற்றும்போது ஒரே லைனரின் இரண்டு பக்கமும் பசையில் படும். ஒரு பக்கம் முதலில் கழல வேண்டும், மறுபக்கம் பசையைப் பிடித்துவைத்திருக்க வேண்டும். பட்டறையில் ‘ஈஸி சைடு’, ‘டைட் சைடு’ என்கிறோம். இரண்டு விசைக்கும் உள்ள விகிதத்தைக் ‘கழல்விகிதம்’ என்று சொல்லிவிடலாம். பக்கங்களுக்கு ‘இளகுபக்கம்’ என்று ஒருவர் கொடுத்தார், ஆனால் இளகுவது பசையின் வேலை, லைனருடையது அல்ல. ‘முன்கழல் பக்கம்’, ‘பின்கழல் பக்கம்’ என்றால் எது முதலில் பிரிய வேண்டும் என்பது பெயரிலேயே தெரியும். இதற்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
அம்பத்தூரிலிருந்து