கம்பெனி டப்பாவும் நம்ம ரவுட்டரும்: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

எங்க வீடு பழைய காலத்து நீள வீடு. திண்ணை, ரேழி, கூடம், இரண்டாம் கட்டு, அடுக்களை, கிணற்றடி என்று ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். நெட்டுக்கான ஃபைபர் தெருப்பக்கமிருந்து வருவதால் கம்பெனிக்காரர்கள் தங்கள் டப்பாவை ரேழியில் நிலைக்கு மேலே மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மருமகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள், உட்காருவது இரண்டாம் கட்டில். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இந்தச் சுவர்களிடம் தோற்றுவிடும். 2.4 எப்படியோ தாண்டி வரும், ஆனால் மீட்டிங் நடுவில் முகம் உறைந்து நிற்கும்.

பையன் நல்ல ரவுட்டர் ஒன்று வாங்கி அனுப்பினான். டப்பாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டலாமே என்று இங்கே ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீர்கள். முடியாது. அது வெறும் ரவுட்டர் இல்லை, ஓஎன்டி. ஒளியாக வருவதை நம் கருவிகளுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவதே அதன் முதல் வேலை. அதன் சீரியல் நம்பர் கம்பெனி பக்கத்தில் பதிவாகியிருக்கும், வேறு பெட்டி மாட்டினால் லைன் ஏறாது. கடையில் வாங்கும் ரவுட்டரில் பெரும்பாலும் ஃபைபர் சொருகும் வாயே கிடையாது. அந்த மெல்லிய கம்பியின் பச்சைத் தலையைக் கவனித்திருப்பீர்கள். பச்சை என்றால் முனையை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள். பட்டுத் திரும்பும் ஒளி வந்த வழியே போய் லைனைக் கெடுக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. நீலத் தலை இதற்குப் பொருந்தாது. முனையில் விரல் பட்டால் அழுக்கு ஒட்டி சிக்னல் குறையும். உள்ளே எட்டிப் பார்க்கிற வேலையும் வேண்டாம், அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

ஆக டப்பா இருக்கட்டும், ரவுட்டர் வேலையை மட்டும் அதனிடமிருந்து பிடுங்கிக்கொள்ளலாம். அதுதான் பிரிட்ஜ் மோடு. லைன் பார்க்க வந்த தம்பியிடம் கேட்டேன்.

"அதெல்லாம் கொடுக்கிறதில்ல சார். நெட்டு வருதுல்லா, பிறகென்ன?"

"ரேழியில வருது தம்பி. வேலை இரண்டாம் கட்டுல நடக்கு."

சிரித்துவிட்டான். ஆபீசுக்குப் போன் போட்டுப் பேசி, டப்பாவைப் பிரிட்ஜுக்கு மாற்றி, கம்பெனி லைனுக்குள் நுழையத் தேவையான பிபிபிஓஇ யூசர் பெயரும் பாஸ்வேர்டும் வாங்கிக் கொடுத்தான். அவற்றை நம் ரவுட்டரில் போட்டதும் லைன் ஏறிவிட்டது. டப்பா ரேழியிலேயே இருக்கிறது. அதிலிருந்து ஈதர்நெட் கேபிள் ஒன்று உத்தரத்தை ஒட்டியே போய்க் கூடத்தின் கடைசியில் ரவுட்டருக்கு இறங்குகிறது. இரண்டாம் கட்டு மீட்டிங் இப்போது உறைவதில்லை. "இனிமே கம்ப்ளைண்ட் கொடுத்தா எங்க டப்பா வரைக்கும்தான் பார்ப்போம்" என்றும் சொல்லிவிட்டான். அது நியாயம்தான்.

நியாயமில்லாதது அப்புறம் நடந்தது. ஒருநாள் காலையில் நெட் இல்லை. டப்பாவில் சிவப்பு விளக்கும் இல்லை, அதாவது ஃபைபரில் கோளாறில்லை. பார்த்தால் கம்பெனிக்காரர்கள் தூரத்திலிருந்தே டப்பாவுக்குப் புது மென்பொருள் ஏற்றியிருக்கிறார்கள், அது பழையபடி ரவுட்டராகிவிட்டது. கஸ்டமர் கேரில் கேட்டால், "உங்க ரவுட்டரைக் கழற்றிட்டுப் பாருங்க சார்" என்று கிளிப்பிள்ளைப் பாடம். கடைசியில் அந்தத் தம்பிதான் வந்து மாற்றிக் கொடுத்தான். பிரிட்ஜ் போடுகிறவர்கள் தெரு லைன்மேன் நம்பரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

எங்களுக்குப் பிரிட்ஜ் தரவே மாட்டோம் என்றுவிட்டார்கள். என்னைக் கேட்டால் பாதி வீடுகளுக்கு அது தேவையுமில்லை. நம் ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது வைஃபை மட்டும் பரப்பும் பெட்டியாக, வைத்தாலே போதும். டப்பாவின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். நம் ரவுட்டருக்கு 192.168.1.2 என்று கொடுத்து, அதில் கருவிகளுக்கு முகவரி பங்கிடும் டிஹெச்சிபி-யை அணைத்துவிட்டு, டப்பாவிலிருந்து வரும் ஈதர்நெட் கேபிளை அதன் லான் வாயில் சொருகினேன். முகவரி பங்கிடும் வேலையை டப்பாவே பார்க்கட்டும். ரெண்டும் பங்கிட ஆரம்பித்தால் டிவி ஒரு பக்கம், பிரிண்டர் ஒரு பக்கம் என்று ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ரெண்டிலும் ஒன்றே. ஒன்றோடொன்று மோதாமல் இருக்க 2.4-இல் டப்பாவுக்கு 1-ஆம் சேனல், ரவுட்டருக்கு 11.

இன்னொன்று. 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் எனக்கு 100-க்கு மேல் ஏறவே இல்லை. கம்பெனியைத் திட்டித் தீர்த்த பிறகு ஈதர்நெட் கேபிளின் தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உள்ளே நாலே கம்பிதான். நாலு கம்பியில் 100-தான் போகும், அதற்கு மேலான கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். கடைக்காரர் மலிவாகக் கொடுக்கும்போதே யோசித்திருக்க வேண்டும் என்று வீட்டம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பேட்டையிலிருந்து:

கடையில் சிசிடிவி வைத்திருக்கிறேன். கேமராப் படத்தைப் பதியும் டிவிஆரை வெளியிலிருந்து பார்க்கணும் என்பதற்காகவே சண்டை போட்டுப் பிரிட்ஜ் வாங்கினேன். வெளியிலிருந்து டிவிஆருக்கு வழிவிட ரவுட்டரில் போர்ட்டைத் திறந்தும் கேமரா வரவில்லை. கேபிள் அண்ணாச்சியிடம் கேட்டால், "ரவுட்டர்ல வான் ஐபி என்ன காட்டுதுன்னு பாரும்வே" என்றார். வான் ஐபி என்றால் கம்பெனி பக்கத்திலிருந்து ரவுட்டருக்குக் கிடைக்கும் முகவரி. எனக்கு 100.70 என்று ஆரம்பித்தது. 100.64-லிருந்து 100.127 வரை ஆரம்பிக்கிற முகவரி என்றால் அது நமக்கே நமக்கான முகவரி இல்லை, கம்பெனிக்குள் பலருக்கும் சேர்த்து ஒரே பொது முகவரியைப் பங்கு போட்டுத் தருகிறார்கள் என்று விளக்கினார். பிரிட்ஜ் போட்டாலும் அது மாறாது. நமக்கென்றே மாறாமல் இருக்கும் ஸ்டேட்டிக் ஐபி-க்கு மாசாமாசம் தனிக்காசு கேட்டார்கள். வேண்டாமென்று டிவிஆர் கம்பெனியின் ஆப் வழியாகவே பார்க்கிறேன், கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். கேமராவுக்காகப் பிரிட்ஜ் கேட்கப் போகிறவர்கள் முதலில் டப்பாவின் செட்டிங்ஸ் பக்கத்தில் அந்த வான் ஐபி-யைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி: பிரிட்ஜ் போட்டதும் டப்பாவில் இருந்த லேண்ட்லைன் வேலை செய்கிறதா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

செய்கிறது. போனுக்கு அதே ஃபைபரில் தனி விலான், அதாவது தனித் தடம், விட்டிருக்கிறார்களாம். போன் கம்பியை மட்டும் டப்பாவிலேயே விட்டுவிடணும், நம் ரவுட்டரில் அதற்கு இடம் கிடையாது.