எழுமாற்று எண் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருகிறது, உதவுங்கள்

ஹட்டன் மாணவி:
உயர்தரப் பௌதிகவியல் ஒப்படைக்காக கதிரியக்க அயடீன் 131 தேய்வதை பைதன் நிரல்மொழியில் செய்து பார்க்கிறேன். 1000 கருக்கள். ஒவ்வொரு அரை ஆயுட்காலத்துக்கும், அதாவது சுமார் 8 நாளுக்கு, ஒவ்வொரு கருவுக்கும் ஓர் எழுமாற்று எண், 0.5க்குக் கீழே வந்தால் அந்தக் கரு போய்விட்டது. ஆனால் எத்தனை தடவை ஓட்டினாலும் அச்சொட்டாக அதே விடைதான், கணினியை அணைத்துப் போட்டாலும் அப்படியே. எங்கே பிழை?

இன்னொன்று. ஒரு கரு எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது என்கிறார் சேர், அடுத்த நிமிடமே 8 நாளில் பாதி என்று சமன்பாடு எழுதுகிறார். இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாகும்?

பண்டாரவளை அண்ணா:
தங்கச்சி, நிரலின் தொடக்கத்தில் சீட் (seed), அதாவது தொடக்க எண், என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பைதன் இந்த எண்களைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்கிறது, முறையின் பெயர் மெர்சென் ட்விஸ்டர். தொடக்க எண் ஒன்றென்றால் வரிசையும் ஒன்றே. வரியை எடுத்துவிடுங்கள், சரியாகும்.

இரண்டாவது கேள்வி அருமையானது. நியதி இருப்பது நிகழ்தகவில், தனிக் கருவில் அல்ல. ஒவ்வொரு கருவும் 8 நாளில் உடைய வாய்ப்பு பாதிக்குப் பாதி, அது மாறவே மாறாது, எந்தக் கரு என்பதுதான் திறந்து கிடக்கிறது. 1000 கருவில் மிஞ்சுவது 500ஐச் சுற்றி 16 போல ஏறி இறங்கும். 10 லட்சம் கருவில் அந்த ஏற்ற இறக்கம் 500 போல, அது பாதியான 5 லட்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆய்வுகூட மாதிரியில் கோடான கோடி கருக்கள், ஆகவே சேரின் வளைகோட்டில் ஒரு நெளிவும் தெரியாது. எப்போது உடைவது என்பதை முன்பே தீர்மானிக்கும் சீட் ஒன்று கருவுக்குள் ஒளிந்திருக்குமோ என்று கேட்பீர்கள். 1964இல் பௌதிகவியலாளர் ஜோன் பெல் காட்டிய வழியில் பிறகு ஒளித்துகள்களை வைத்துச் சோதித்தார்கள், இல்லை என்றே வந்தது.

பதுளைக்காரர்:
கடைசி வரி கொஞ்சம் அவசரம் அண்ணா. தூரத்துத் துகள்கள் ஒன்றையொன்று உடனுக்குடன் பாதிக்கும் என்று ஏற்றுக்கொண்டால், எல்லாம் முன்பே தீர்மானமானது என்ற நியதி பிழைத்துக்கொள்ளும், பௌதிகவியலாளர் டேவிட் போம் 1952இல் அப்படியொரு கோட்பாடே கொடுத்தார்.

மறுபக்கத்தையும் பாருங்கள் தங்கச்சி, நியதி இருந்தும் முன்கூட்டிச் சொல்ல முடியாமல் போகலாம். 1961இல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் தன் வானிலை நிரலில் 0.506127க்குப் பதிலாக 0.506 கொடுத்தார், கொஞ்ச நேரத்தில் விடை முற்றாக வேறு திசைக்குப் போய்விட்டது. அந்தச் சமன்பாடுகளில் எழுமாறு என்று எதுவுமே இல்லை! ஹட்டனுக்குத் தென்மேல் பருவமழை, எங்களுக்கு வடகீழ் மழை என்பது நிச்சயம். இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெய்யுமா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

ஹட்டன் மாணவி:
சீட் வரி இருந்தது, 7 என்று. எடுத்ததும் விடை மாறி மாறி வருகிறது, எல்லாம் 500க்குக் கிட்ட. நன்றி. ஒப்படையில் எதை எழுதட்டும்?

பண்டாரவளை அண்ணா:
7 வைத்து எடுத்தது, வைக்காமல் எடுத்தது இரண்டையும். 7 வைத்து எடுத்த விடையை அந்த 7ஓடு சேர்த்து எழுதுங்கள், அப்போதுதான் சேர் தன் கணினியில் ஓட்டிச் சரிபார்க்கலாம்.