முதுநிலைப் புவி அறிவியல்: துறையின் ஆண்டறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

பாம்பன்வாசி (கேள்வி):
வணக்கம். இளநிலை நிலவியல் முடித்த என் மகள் முதுநிலைப் புவி அறிவியலில் சேர விரும்புகிறாள். அவள் மனதில் வைத்திருக்கும் பல்கலைக்கழகத் துறையின் கடந்த மூன்று ஆண்டறிக்கைகளை இருவரும் சேர்ந்து படித்தோம். புதிய கருவிகள், கருத்தரங்குகள், வெளியான கட்டுரைகள் என்று பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. ஆனால் கடல் தொழில் செய்யும் எனக்கு, இவற்றில் எது அவள் படிப்புக்கு உண்மையில் உதவும் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நம் கரையைப் பற்றி ஆராய வேண்டும் என்பதே அவள் ஆசை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர், ராமநாதபுரம்:
ஐயா, கருவிப் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் களப்பணிப் பக்கத்தைத் திறந்து, சென்ற ஆண்டு போன இடத்துக்கே இந்த ஆண்டும் போனார்களா என்று பாருங்கள். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிப்பதும், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிப்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. கரை மணலும் அதற்கேற்ப ஓரிடத்தில் அரிபட்டு வேறோரிடத்தில் சேரும். ஆகவே ஒரே ஒரு நாள் அளந்துவிட்டுக் கரை அரிக்கிறது என்று எழுதுவதில் பொருளில்லை. நிலையான ஒரு குறிக்கல்லிலிருந்து நீர் விளிம்பு வரை, பருவத்துக்கு முன்னும் பின்னும், அதே கோட்டில் பல ஆண்டுகள் மட்டம் எடுத்தால்தான் பருவத்தோடு போய் வரும் மணல் எது, திரும்பாமலே போன மணல் எது என்று சொல்ல முடியும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை ஒரே இரவில் அழித்ததை ஊரே அறியும். சிறுகச் சிறுக நடக்கும் அரிப்போ இப்படி அளப்பவருக்கு மட்டுமே தெரியும்.

முன்னாள் மாணவி, கீழக்கரை:
அண்ணா, நான் முதுநிலை ஆய்வுக்காகத் தனுஷ்கோடி ஊற்றுகளை அளந்தேன். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பெண்கள் மணலைக் கையால் தோண்டி, ஊறும் நீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். அது நல்ல தண்ணீர். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதே அதற்குக் காரணம். கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு சாண் வற்றினால், காலப்போக்கில் அடியிலிருந்து உவர்நீர் 40 சாண் ஏறிவிடும். அதனால்தான் ஆண்டுதோறும் அளக்க வேண்டியிருக்கிறது. ஆனால் எனக்கு முன் படித்தவர்களின் பதிவேடு, துறை வேறு கட்டடத்துக்கு மாறியபோது தொலைந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க எண்கள் இல்லாமல் என் ஆய்வு ஓராண்டுக் கணக்காகவே நின்றுபோன வருத்தம் இன்னும் தீரவில்லை. பழைய களக்குறிப்பேடுகள் எங்கே இருக்கின்றன என்று அவசியம் கேளுங்கள்.

மற்றொருவர், மண்டபம்:
வேலையைப் பற்றியும் கவலை இருக்கும். முதுநிலை முடித்தவர்கள் மத்தியத் தேர்வாணையத்தின் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வை எழுதி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலோ மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலோ சேரலாம்.

பாம்பன்வாசி:
அனைவருக்கும் நன்றி. மூன்று அறிக்கைகளையும் மீண்டும் புரட்டினோம். முதல் இரண்டில் தனுஷ்கோடியின் கோடியிலுள்ள அரிச்சல்முனையின் கரை அளவீடு இருக்கிறது, மூன்றாவதில் இல்லை. நேரில் போகும்போது, அந்த ஆண்டின் அளவீடு ஏன் அறிக்கையில் வரவில்லை என்று மகளே கேட்கப்போகிறாள்.